முதல் வெடிப்புக்குப் பின் இரண்டு நிமிடம்

சேலம்,
ஆகஸ்ட் 17

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். டொரொண்டோவில் நீ புதிதாக வாங்கிய இயந்திரத்தில் முதல் தடவையாகக் காப்பிக் கொட்டை வறுத்தாய் என்றும், பார்வைக்குக் கடைக் கொட்டையைப் போலவே கறுத்திருந்தும் காப்பி மட்டும் ஒரே சமயத்தில் கசப்பாகவும் பச்சைப் புல் வாசனையோடும் இருந்தது என்றும் சொன்னாய். "இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு அம்மா" என்று நீ முடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன பொங்கலுக்கு நீ வாங்கித் தந்த இயந்திரத்தைப் பற்றி நானும் உன் அப்பாவிடம் இதே புகாரை இதே குரலில்தான் சொன்னேன். இந்த ஏழு மாதத்தில் எழுபத்து மூன்று முறை வறுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்திருப்பதால் கணக்கு பிசகாது. தொலைபேசியில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உன் கொட்டைக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் வடை மேலே சிவந்து உள்ளே மாவாகவே நிற்கும் அல்லவா? இங்கும் அதுவேதான் நடந்திருக்கிறது. பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வரை ஈரம் இருக்கும். அந்த ஈரம் முதலில் வெளியேறி, நடுப்பகுதி வரை சூடு இறங்கி, அதற்குப் பிறகுதான் நிறமும் மணமும் கூட வேண்டும். நீ கருவறுவலுக்கான பொத்தானை அழுத்தி, எடுத்த எடுப்பிலேயே முழுச் சூட்டையும் கொடுத்துவிட்டாய். தோல் கருகியது, உள்ளே பச்சையாக நின்றது. ஐயமிருந்தால் மீதமுள்ள கொட்டையில் நாலைந்தை அரைத்து, அந்தப் பொடியின் நிறத்தை முழுக் கொட்டையின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார். பொடி மிகவும் வெளுத்திருந்தால் நான் சொன்னது சரி.

இயந்திரத்தின் முகப்பில் தெரியும் வெப்ப எண்ணையும் நீ நம்பியிருப்பாய். என் இயந்திரத்தில் அந்த எண் கொட்டையின் சூட்டைக் காட்டுவதில்லை, உருளையை விட்டு வெளியேறும் காற்றின் சூட்டைத்தான் காட்டுகிறது. வீட்டுக்கான சிறிய இயந்திரங்கள் பலவற்றிலும் இப்படித்தான் என்பதால் உன்னுடையதும் அப்படியே இருக்கக்கூடும். முதல் வெடிப்பு, அதாவது கொட்டை முதல் முறையாகச் சத்தத்தோடு வெடிப்பது, அதன் உட்சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸை எட்டும்போது நிகழ்வது. ஆனால் என் முகப்பில் அந்த நேரத்தில் ஒரு நாள் 231 இருக்கும், இன்னொரு நாள் 224 இருக்கும். எண்ணைப் பார்த்து வறுத்த முதல் பத்துத் தடவையும் எனக்குக் குடிக்கத் தகுந்த காப்பி கிடைக்கவில்லை.

உன் பாட்டியிடம் வெப்பமானியே கிடையாது. குமுட்டி அடுப்பில் கரி போட்டு, கைப்பிடி வைத்த இரும்புத் தகட்டு உருளையை அதன் மேல் வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார். கல்யாணமான புதிதில் அந்தக் கைப்பிடியைச் சுற்றும் வேலை எனக்கு வந்தது. அந்தப் புகையில் உட்கார்ந்து சுற்றியதில் காப்பி மேலேயே எனக்கு வெறுப்பு வந்திருக்க வேண்டும், எப்படியோ வரவில்லை. வைக்கோல் வாசனை, பிறகு ரொட்டி வாசனை, பிறகு மூக்கைக் குத்தும் புகை, பிறகு சத்தம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். சத்தம் வந்து சற்று நேரத்தில் ஒரு கொட்டையை எடுத்து ஊதி, கடைவாயில் வைத்துக் கடிப்பார். கடிபட மறுத்து வழுக்கினால் இன்னும் கொஞ்சம் சுற்றச் சொல்வார். 'நொறுக்' என்று உடைந்தால் உடனே முறத்தில் கொட்டிவிட வேண்டும். பதினோராவது தடவை நான் எண்ணை மறைக்க முகப்பின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, பாட்டியின் வரிசைப்படி மூக்கையும் காதையும் வைத்து வறுத்தேன். அன்றுதான் அப்பா இரண்டாவது டம்ளர் கேட்டார்.

ஆனாலும் ஒரு நாள் நன்றாக வருவதும் மறுநாள் சப்பென்று போவதுமாகவே சில வாரம் ஓடியது. அதற்கான காரணம் கிடைத்தபோது எனக்கு வெட்கமாகப் போயிற்று. காலையில் வறுத்தவையெல்லாம் நன்றாக இருந்தன. மாலையில் வறுத்தவை சோர்ந்திருந்தன. பிரிட்ஜுக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரின் முகப்பில் பார்த்தால், காலையில் 230 வோல்ட் இருக்கும் மின்னழுத்தம் மாலை ஏழு மணிக்கு, ஊரெல்லாம் விளக்கும் ஏ.சி.யும் போடும் வேளையில், 205 ஆகிவிடுகிறது. இருபத்தைந்து வோல்ட் குறைந்தால் என்ன என்று தோன்றும். சூடேற்றும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று வாழ்நாள் முழுவதும் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். 205-ஐ 230-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் 0.79 வருகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு சூடு மாலையில் காணாமல் போகிறது! சூடு போதாமல் இழுத்துக்கொண்டு போகும் வறுவலில் கொட்டை கருகாது. ஆனால் வெந்து வெந்து மணமில்லாமல், பழைய ரஸ்க்கைப் போல ஆகிவிடும். அன்று முதல் காலை ஏழு மணிக்கு முன்னால் மட்டுமே வறுக்கிறேன்.

உன் ஊரில் 120 வோல்ட் என்பதால் நீ பார்க்க வேண்டியது வேறு. 1,500 வாட் இயந்திரம் அங்கே பன்னிரண்டரை ஆம்பியரை இழுக்கும். சமையலறையின் 15 ஆம்பியர் இணைப்பில் அதனோடு கெட்டிலையும் போட்டால் வறுவலின் நடுவில் பிரேக்கர் விழுந்துவிடும். நின்றுபோன வறுவலை மறுபடி தொடர்ந்தால் உருப்படாது. நீளமான மெல்லிய நீட்டிப்பு வயரில் செருகாதே, அதிலேயே கொஞ்சம் மின்னழுத்தம் விழுந்துவிடும். புகை எச்சரிக்கை மணிக்குப் பயந்து பால்கனியில் வைத்து வறுக்கப் போவதாகச் சொன்னாய். இப்போது பரவாயில்லை, நவம்பர் வந்த பிறகு அந்தக் குளிர்காற்றைச் சூடாக்குவதிலேயே இயந்திரத்தின் சக்தி தீர்ந்துவிடும், என் மாலை நேரத்து வறுவல்தான் உனக்கும் கிடைக்கும். அடுப்பின் மேலுள்ள புகைபோக்கி விசிறி புகையை வெளியே தள்ளுவதாக இருந்தால் அதன் கீழேயே வைத்துக்கொள்.

இன்று காலையில் செய்ததை அப்படியே எழுதுகிறேன். இயந்திரத்தின் கொள்ளளவு 250 கிராம் என்றாலும் நான் 200 கிராமுக்கு மேல் போடுவதில்லை. நெருக்கமாக இருந்தால் கொட்டை சரியாகப் புரளாது. இந்தத் தடவை ஏற்காட்டுப் பீபெர்ரி. ஒரு பழத்தில் வழக்கமாக இரண்டு விதை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைவதுதான் பீபெர்ரி. சாதாரணக் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் அந்தப் பக்கம் சூடான தகட்டில் படிந்து கருகும் வாய்ப்பு உண்டு, பீபெர்ரி உருண்டுகொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடும். கற்றுக்கொள்பவர்களுக்கு இதுவே நல்லது. ஆனால் தட்டைக் கொட்டையோடு கலந்து வறுக்கக் கூடாது. முறத்தில் பரப்பி, பூச்சி துளைத்தவை, கறுத்தவை, உடைந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்ததில் ஒரு சிறிய கைப்பிடி கழிந்தது.

காலை 6.20-க்கு இயந்திரத்தைக் காலியாக மூன்று நிமிடம் சூடாக்கிவிட்டுக் கொட்டையைப் போட்டேன். நான்காம் நிமிடம் வரை சாம்பல் கலந்த பச்சை மெதுவாக வெளுத்து, ஈர வைக்கோலின் வாசனை வந்தது. ஐந்தரை நிமிடத்தில் எல்லாக் கொட்டையும் மஞ்சளாகி, அதன்பின் ரொட்டி சுடும் வாசனை தொடங்கியது. அங்கேதான் நான் சூட்டை ஒரு படி குறைக்கிறேன். குறைக்காவிட்டால் வெடிப்பு தடதடவென்று வந்து கைமீறிப் போய்விடும். ஒன்பது நிமிடம் பத்து விநாடியில் முதல் 'டக்'. ஒற்றைச் சத்தத்தைக் கணக்கில் எடுக்காதே. மூன்று நான்கு சத்தம் தொடர்ந்து வரும்போதுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சோளப்பொரி பொரிவது போல் கனத்த சத்தமாக இருக்கும். உள்ளே அடைபட்ட நீராவி கொட்டையை உடைத்து வெளிவருவதால் கொட்டை பருத்து, நடுக்கோடு விரியும். அங்கிருந்து இரண்டு நிமிடத்துக்கு வேறு எதுவும் செய்யாதே, தொலைபேசியை எடுக்காதே. பதினொன்றரை நிமிடத்தில் முதல் வெடிப்பு ஓய்ந்து அமைதியானது. மெல்லியதாய், கடுகு பொரிவது போல் இரண்டாம் வெடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். நம் ஃபில்டர் டிகாக்ஷனுக்கும் பாலுக்கும் அந்த இடமே சரியாக இருக்கிறது. பால் சேர்க்காமல் குடிக்கும் உன் நண்பர்களுக்கென்றால் முக்கால் நிமிடம் முன்னதாகவே எடுத்துவிடு.

ஏப்ரலில் ஒருநாள் இந்த இரண்டு நிமிடத்துக்குள் வாசல் மணி அடித்தது. கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கொட்டை இரண்டாம் வெடிப்பைத் தாண்டி எண்ணெய் பூத்து, எண்ணெய்க் குளியல் போட்டது போல மினுமினுத்தது. 200 கிராமுக்கு 158 கிராம்தான் மிஞ்சியது. அதைவிட மோசம், முந்தைய மூன்று வறுவலின் தோல் சேகரப் பெட்டியிலேயே கிடந்தது. வறுபடும்போது கொட்டையிலிருந்து உரியும் அந்த வெள்ளிநிறச் சவ்வு காய்ந்த சருகைப் போன்றது. அதில் ஒரு பொறி பட்டுப் பெட்டிக்குள் கனன்று, சமையலறை முழுவதும் புகை. மூடியைத் திறக்காமல் பிளக்கைப் பிடுங்கினேன், தானாகவே அடங்கியது. திறந்திருந்தால் காற்றுப் புகுந்து எரிந்திருக்கும். ஒவ்வொரு வறுவலுக்குப் பிறகும், சூடு ஆறியதும், பெட்டியைத் தட்டித் துடைத்துவிடு. இதில் மட்டும் சோம்பல் கூடாது.

நிறுத்திய பிறகும் கொட்டை தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும் என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. இயந்திரத்தின் ஆற்றும் சுற்றுக்கு எட்டு நிமிடம் ஆகிறது, அது அதிகம். கெட்டிக் கையுறையைப் போட்டுக்கொண்டு கொட்டையை முறத்தில் கொட்டி, மேசை விசிறிக்கு எதிரே நின்று புடைத்தால் மூன்று நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும், மிச்சமுள்ள தோலும் பறந்துவிடும். உன்னிடம் முறம் இல்லையென்றால் அகலமான கம்பிச் சல்லடை போதும்.

ஆறியதும் நிறுத்துப் பார்த்தேன்: 169 கிராம். நூற்றுக்குப் பதினைந்தரைப் பங்கு எடை குறைந்திருக்கிறது. நிறம் விளக்குக்கு விளக்கு மாறித் தெரியும், மூக்கு ஜலதோஷத்தில் ஏமாற்றும், தராசு மட்டும் எல்லா நாளும் ஒரே மாதிரி பேசும். என் நோட்டில் 174-க்கு மேல் வந்தவை புளித்தன, 164-க்குக் கீழே போனவை கசந்தன.

வறுத்த அன்றே அரைத்து டிகாக்ஷன் போட்டுவிடாதே. கொட்டைக்குள் நிறைந்திருக்கும் கரியமில வாயு வெந்நீரைத் தள்ளிவிடும். பொடி ஃபில்டரில் உப்பி நிற்கும், டிகாக்ஷன் தண்ணீராக இறங்கும். முதல் இரவு டப்பாவின் மூடியைத் தளர்வாக வைத்திருந்து, மூன்றாம் நாள் திறந்தால் நன்றாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

சிக்கரி வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பாட்டி சேர்த்ததில்லை, நான் நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்க்கிறேன், அப்பாவுக்கு டிகாக்ஷன் திக்காக இருக்க வேண்டும். கடைக் கலவையில் காப்பி 51 சதவீதம் இருந்தால் போதும் என்றுதான் இங்குள்ள விதி சொல்கிறது என்பதால், வாங்குவதானால் உறையில் உள்ள சிறிய எழுத்தைப் படித்துவிட்டு வாங்கு.

ஏற்காட்டில் 1820-களிலேயே, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி பயிராகத் தொடங்கிவிட்டது. நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் அந்த மலைக்குக் கொட்டை வாங்கவென்று நான் போனது இந்த மார்ச்சில்தான். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. செடியெல்லாம் வெள்ளைப் பூ, மல்லிகைத் தோட்டத்துக்குள் நுழைந்தது போல மணம். நீரில் அலசிப் பதப்படுத்திய கொட்டையையும் பழத்தோடு காயவைத்த செர்ரியையும் தோட்டக்காரர் அருகருகே வைத்துக் காட்டினார். செர்ரியில் தோல் அதிகம் உரியும், நிறமும் ஒரே சீராக ஏறாது என்பதால் நீ அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு அலசிய அராபிகா வகைக் கொட்டையிலேயே கையைப் பழக்கு.

பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் ஓயாமல் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. உன் அடுத்த வறுவலில் கொட்டையும் எடையும் போன தடவை போலவே இருக்கட்டும். கருவறுவல் பொத்தானைத் தொடாமல், சூட்டை மட்டும் இரண்டு படி குறைத்து வை. மஞ்சளான நேரம், முதல் வெடிப்பின் நேரம், நிறுத்திய நேரம், கடைசி எடை ஆகிய நான்கையும் எழுதி எனக்கு அனுப்பு. காப்பி எப்படி இருந்தது என்பதை நான்காம் நாள் குடித்துவிட்டுச் சொன்னால் போதும்.

அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா