அண்ணன் மாடியில் மண் கொட்டும் முன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாளாயிற்று. நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். மேலறை வெப்பத்தில் அம்மா தூங்குவதே இல்லை என்றும், அண்ணன் மொட்டைமாடியில் மண் கொட்டித் தோட்டம் போடப்போகிறான் என்றும் எழுதியிருந்தாய். இனியும் சும்மா இருந்தால் அவன் கொட்டியே விடுவான்.

இங்கே சுவிஸ் நகரமான பாசலில் மாடித்தோட்டம் ஆசைக்குப் போடுவதல்ல, சட்டம். 2002 முதல் புதுத் தட்டைக்கூரை என்றால் செடி இருந்தே ஆக வேண்டும். என் ஜன்னலுக்குக் கீழே அப்படியொரு கூரை. சதைப்பற்றுள்ள குட்டைச்செடிகள், வறண்டால் சிவந்துவிடுகின்றன. கொளுத்தும் வெயிலிலும் அந்த மண்ணில் கை வைக்கலாம். பக்கத்துத் தார்க்கூரையில் வைத்தால் பொசுங்கும். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. பெருமழையை மண் வயிறு முட்டக் குடித்துவிட்டு மிச்சத்தை மெல்லத்தான் விடுகிறது. தெருச் சாக்கடைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

அதைப் பார்த்துக்கொள்பவர் என் கீழ்வீட்டுக் கிழவர்தான். போன வாரம் உளுத்த மரக்கட்டையொன்றைத் தோளில் சுமந்து ஏற்றினார். வண்டும் சிலந்தியும் குடியிருக்கவாம்! காற்றில் வந்து முளைத்த மரக்கன்றுகளை மண்டியிட்டு, இரண்டு விரலால், வேர் அறுந்துவிடாமல் பிடுங்குகிறார். விட்டால் அடியிலுள்ள நீர்க்காப்புத் தாளைத் துளைத்துவிடுமாம். கூரையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சூரிச்சில் 1914இல் கட்டிய குடிநீர் நிலையத்தில், உள்ளே தண்ணீர் குளிர்ந்திருக்கக் கூரைமேல் மண் போட்டார்களாம்; அங்கே இன்றும் ஆர்க்கிட் பூக்கிறது என்று ஏதோ தன் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர் பேச, நான் கேட்க, பொழுது போய்விடுகிறது. என்னைப்பற்றிக் கவலை வேண்டாம்.

நேற்று மழை விட்டதும் அந்தக் கூரையிலிருந்து எழுந்த வாசனையில் ஜன்னலை மூட மனம் வரவில்லை. நாம் எல்லோரும் மாடியில் வரிசையாகப் படுப்போமே, நடுவில் இடம் பிடிக்க நானும் அண்ணனும் அடித்துக்கொள்வோமே அக்கா... சரி, போகட்டும்.

அண்ணனிடம் சொல்: பத்து சென்டிமீட்டர் மண் நனைந்தாலே சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும். நம்முடையது பழைய தளம், ஏற்கெனவே ஒழுகுகிறது. பொறியாளர் பார்க்காமல் ஒரு கூடை மண்கூட ஏறக்கூடாது. முதலில் ஒழுகலை அடைக்கட்டும். அதற்கான பணத்தை அடுத்த மாதம் அனுப்புகிறேன். இப்போது வேலை நேரம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அம்மாவின் கட்டிலைக் கீழறைக்கு இறக்குங்கள். சித்தப்பா அந்த அறையைக் காலி செய்ய மறுத்தால், நான் சொன்னதாகவே சொல்.

அன்புடன்,
தம்பி