ரகுவுக்கு, கார்ட்ரிட்ஜ் பொருத்துவது பற்றி

அன்புள்ள ரகு,

இடது கண்ணில் புரை எடுக்க டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். நல்லது. அதுவரை இசைத்தட்டு ப்ளேயரின் புது கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டிய சின்ன உறுப்பு) பெட்டியிலேயே கிடக்கட்டும் என்கிறாயே, அது வேண்டாம். உன்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் என்ற முனைத்துண்டு, ஆர்ம் என்கிற கையிலிருந்து தனியாகக் கழன்று வரும். குனிந்து ஆர்முக்கு அடியில் எட்டிப் பார்க்கிற வேலையே கிடையாது, எல்லாம் மேஜைமேல் முடிந்துவிடும்.

ஊசியின் இடத்தைச் சரிபார்க்கும், கோடு போட்ட கண்ணாடி ப்ரொட்ராக்டரை எடுக்காதே. பேர்வால்ட் என்பவரின் கணக்குப்படி தட்டின் மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ. தள்ளியுள்ள புள்ளிகளில் ஊசியை இறக்கிப் பார்க்க ஆழம் தெரிகிற கண் வேண்டும். இல்லாவிட்டால் ஊசிதான் உடையும். டெக்னிக்ஸ்காரன் கொடுத்த அளவு ஒன்றே ஒன்று: ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனைவரை 52 மி.மீ. கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லுக்கு நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேர்வால்ட் பக்தர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சரியாகத் தெரியாத கோட்டில் பொருத்திய பேர்வால்டைவிட, சரியாக அளந்த 52 எவ்வளவோ மேல்.

முதலில் வயர். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். புரை மஞ்சளித்த கண்ணுக்கு நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே வேலை தொடங்குமுன் யாரையாவது பார்க்கச் சொல்லி, பச்சை வயரில் சின்ன நூல் முடிச்சுப் போட்டுவிடு. சிமிட்டாவால் கிளிப்பைப் பிடி, வயரை இழுக்காதே. பற்றவைத்த இடம் விட்டுப்போகும்.

ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ வாங்கியது புத்திசாலித்தனம். மரை உடம்பிலேயே இருப்பதால் தரையில் நட்டு தேடி அலைய வேண்டாம். ஊசிப் பகுதியை உருவி வைத்துவிட்டு ஸ்க்ரூக்களை மாட்டு. காந்த முனை ஸ்க்ரூடிரைவர் கூடாது. இரண்டு ஸ்க்ரூவையும் கார்ட்ரிட்ஜ் நகரும் அளவுக்குத் தளர்வாக விடு.

நேர்பார்ப்பதை விரல்களிடம் விட்டுவிடு. சின்ன மூலைமட்டத்தின் ஒரு கையை ஹெட்ஷெல்லின் பக்கவாட்டில் ஒட்டிவை, மறு கை கார்ட்ரிட்ஜின் முன்விளிம்பைத் தொடட்டும். இரண்டு மூலையிலும் சாதாரணத் தாளைச் செருகிப் பார். எந்தப் பக்கமும் நுழையாவிட்டால் நேர். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.; முன்விளிம்பின் அகலத்தில் அது ஒரு டிகிரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கண்ணால் இவ்வளவு துல்லியம் வராது.

52-ஐ அளக்க ஊசியை மாட்டி, ஹெட்ஷெல்லைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஸ்டீல் ஸ்கேலை ஊசி முனையின் உயரத்திலேயே பக்கத்தில் வை. உயரம் மாறினால் படம் பொய் சொல்லும். அரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் போட்டு போனில் படம் எடு, பிறகு டிவியில் பெரிதாக்கிப் பார். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு (கான்டிலீவர்) கோணலாக இருந்தாலும் அங்கேயே தெரியும். மேலே விளக்கு வேண்டாம், கூசும். பக்கவாட்டிலிருந்து ஒளி வரட்டும். இறுக்கும்போது ஊசியை மறுபடி உருவிவிட்டு, கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போ. ஒரே பக்கமாக இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் திரும்பிக்கொள்ளும். அதற்கப்புறம் தாள் சோதனையை இன்னொரு தடவை செய்.

ஊசி தட்டை அழுத்தும் எடையைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் எடையும் மாறும். 1.8 முதல் 2.2 கிராம்வரை இருக்கலாம், 2.0-ல் நிறுத்து. பின்விளக்கு உள்ள டிஜிட்டல் தராசாகப் பார்த்து வாங்கு.

மிச்சம் காதின் வேலை. தட்டின் ஓரத்தில் வினாடிக்கு 51 செ.மீ. ஓடும் பள்ளம், லேபிளருகே 21 செ.மீ.தான் ஓடுகிறது, தப்பு அங்கேதான் தெரியும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ இரண்டு ஸ்பீக்கரிலும் சிதறினால் 52-ஐ மறுபடி அள. வலதில் மட்டும் என்றால் ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டைக் கொஞ்சம் கூட்டிப் பார். தேய்ந்த தட்டை வைத்துச் சோதிக்காதே, எப்படிப் பொருத்தினாலும் அது இரையும்.

இவ்வளவும் தொல்லை என்று தோன்றினால் ஆர்டோஃபான் கான்கார்ட் வகை ஒன்று வாங்கிவிடு. ஹெட்ஷெல்லும் கார்ட்ரிட்ஜும் ஒரே உடம்பு, செருகி எடை வைத்தால் போதும். ஆபரேஷன் முடிந்ததும் போன் செய்.

அன்புடன்,
சீனு