'இல்லை' என்று குறியிடுவதற்கு முன்: ஜேர்மனியில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சு படிக்கும் நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவருகிறார்கள். பிரான்ஸில் ஒரு குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கலாம். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து நம் வீட்டில் ஒரு வாரம் தங்கும். சம்மதமா இல்லையா என்று கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். நான் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அங்கே பெற்றோர் பலர் இந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து வாசித்துச் சொல்லும்படி கேட்பார்கள். நான் இரண்டாம் பந்திக்கு வருவதற்குள் பதில் வந்துவிடும்: "இது எங்களுக்குச் சரிவராது டீச்சர்."

அந்தப் பதிலுக்கு எதிராகவே இந்த மடலை எழுதுகிறேன். வீடு சிறியது, சாப்பாடு வேறு, பெண் பிள்ளை, காசு, கடவுச்சீட்டு என்று காரணங்கள் பல. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்; சில நியாயமானவை. ஆனால் பிள்ளையின் காதில் விழுவது ஒன்றே ஒன்று: நம் வீடு பிறர் வந்து தங்கக்கூடிய வீடு அல்ல. பதின்மூன்று வயதில் இதைக் கேட்கும் பிள்ளை அதை மறப்பதில்லை. வகுப்புத் தோழர்கள் பிரான்ஸில் இருக்கும் அந்த வாரத்தில் அது பக்கத்து வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கும். அவர்கள் திரும்பி வந்து மாதக்கணக்கில் பேசும் கதைகளில் அதற்கு ஓர் இடமும் இருக்காது.

இந்தப் பரிமாற்றம் எப்படித் தொடங்கியது என்பதை நம்மவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1870 முதல் 1945 வரை இந்த இரு நாடுகளும் மூன்று பெரும் போர்களில் ஒன்றையொன்று அழித்தன. 1962 செப்டெம்பரில் பிரெஞ்சு ஜனாதிபதி சார்ல்ஸ் து கோல் லுட்விக்ஸ்பூர்க் நகருக்கு வந்து, அரண்மனை முற்றத்தில் கூடியிருந்த ஜேர்மன் இளைஞர்களிடம் அவர்களுடைய மொழியிலேயே பேசினார். அடுத்த ஆண்டு ஜனவரி 22 அன்று அவரும் மேற்கு ஜேர்மன் சான்சலர் ஆடனவரும் இரு நாட்டு நட்புறவுக்கான எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதே 1963 இல், ஜூலை 5 அன்று, ஜேர்மன்-பிரெஞ்சு இளைஞர் அலுவலகம் உருவானது. அன்றிலிருந்து அதன் ஆதரவோடு பரிமாற்றங்களில் பங்கேற்ற இளைஞர்கள் 90 இலட்சத்துக்கும் மேல்.

அந்த முதல் ஆண்டுகளில் கதவைத் திறந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து பதினெட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தகப்பனையோ மகனையோ இழந்த வீடுகள் இரு பக்கமும் ஏராளம். சுவரில் இறந்தவரின் படம் தொங்க, அதன் கீழே எதிரி நாட்டுப் பிள்ளைக்குப் படுக்கை விரித்தார்கள். இதை நம் நாட்டுக்கு ஒரு மருந்தாக நான் சொல்ல வரவில்லை. இவை சம பலமுள்ள இரு அரசுகள். தோற்ற அரசு தன் குற்றத்தை ஏற்றுக்கொண்ட பிறகு நடந்த காரியம் இது. நமக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் சொல்வது சிறிய விடயம். அத்தனை இழப்போடு அவர்கள் கதவைத் திறந்தார்கள். நமக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு மெத்தை விரிக்க நமக்கு என்ன தடை?

"பரிஸில் சித்தப்பா வீடு இருக்கிறதே, வருடம் ஒருமுறை போகிறோமே" என்பார்கள். உண்மைதான். லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைகளில் நகை பார்த்து, சேலை எடுத்து, கொத்துரொட்டி சாப்பிட்டு, சித்தி வீட்டில் படுத்து எழும்பித் திரும்புகிறோம். அந்த உறவு வேண்டும். அதை ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பிரான்ஸுக்குப் பத்து முறை போய்வந்த நம் பிள்ளை ஒரு பிரெஞ்சு வீட்டின் வாசற்படியைக்கூட மிதித்திருக்காது. லண்டன் போனாலும் ரொறன்ரோ போனாலும் இதே நிலைதான். உறவினர் வீட்டிலிருந்து உறவினர் வீட்டுக்குப் போவதையே நாம் உலகம் சுற்றுவதாக எண்ணிக்கொள்கிறோம்.

இனி, நம் வீட்டைப் பற்றி. பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நடைபாதையில் இருபது கிலோ அரிசி மூட்டை. அலுமாரிக்குள் சாமிப் படங்கள். திரைச்சீலையில் பிடித்துக்கொண்ட மீன் குழம்பு வாசனை. பிள்ளைகள் இருவருக்கும் ஓர் அறை. தகப்பன் இரவு வேலை முடிந்து காலையில் வந்து படுப்பவர். இதையெல்லாம் அந்நியப் பிள்ளை பார்த்துப்போய்த் தன் ஊரில் சொல்லும் என்ற கூச்சம்.

எங்கள் வீடும் அப்படித்தான்: மூன்றாம் மாடி வாடகை வீடு, இரண்டு படுக்கையறை. லில் நகருக்குப் பக்கத்திலிருந்து வந்த பையன் மகனின் அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தான். முதல் காலை, பாலில் கலந்த சொக்கலேட்டைக் கோப்பையில் கொடுத்தேன். பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாண் அதற்குள் நுழையாது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர்கள் வீட்டில் அகன்ற கிண்ணத்தில் குடித்து, வெண்ணெய் பூசிய பாணை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்களாம். சொதி ஊற்றும் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். வாரம் முழுவதும் அதுதான் அவனுடைய கிண்ணம். கொலோன் நகருக்குச் சுற்றுலா போன நாளில் அவனுக்கென்று பாணும் சீஸும் ஆப்பிளும் கட்டிக் கொடுத்தேன். மகனுக்கு வழக்கம்போல ரோல்ஸ். மாலையில் வந்து, நாளைக்குத் தனக்கும் அதையே தரமுடியுமா என்று மகனை விட்டுக் கேட்கச் செய்தான்.

மகனுக்கு அந்த வாரத்தில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதுவரை அவன் ஜேர்மன் நண்பர்களை வாசலோடு நிறுத்துவான்; மழையானாலும் கீழேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போவான். அந்தப் பையன் வந்துபோன பிறகு நண்பர்கள் மேலே வரத் தொடங்கினார்கள். நான் எதுவும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. இன்று அந்த அரிசி மூட்டையின் மேல் நாலைந்து பள்ளிப் பைகள் கிடக்கின்றன.

அங்கே போகும் பிள்ளைக்குக் கிடைப்பது வேறு. பிரெஞ்சு வீட்டில் இரவுச் சாப்பாடு ஏழரை, எட்டு மணிக்கு. எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். எல்லோரும் முடிக்கும் வரை யாரும் எழும்புவதில்லை. பாண் தட்டில் இல்லாமல் மேசைத் துணிமேலேயே கிடக்கும். சாப்பாட்டுக்குப் பின் சீஸ், அதன்பின் பழமோ தயிரோ. அதற்கிடையில் பேச்சு, பேச்சு, பேச்சு. நம் வீடுகளில் ஆளுக்கொரு நேரம் தட்டோடு தொலைக்காட்சி முன் உட்காருகிறோம். வேலை நேரங்கள் அப்படி, வேறு வழியில்லை. அந்த மேசையில் என் மகளிடம் பாட்டி ஒருவர் கேட்டாராம்: உன் அப்பா அம்மா ஏன் இங்கே வந்தார்கள்?

அன்றிரவு பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று பயந்து எடுத்தேன். அவள் கேட்டது: "அப்பா எந்த ஆண்டு புறப்பட்டார்? எந்த நாடுகள் வழியாக வந்தார்? அம்மம்மா வீட்டை விட்டு இடம்பெயர்ந்தது எத்தனையாம் ஆண்டு? நாளைக்கு அவர்களுக்குச் சொல்ல வேண்டும்." அவளுடைய தகப்பன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, நான் கேட்டறியாத விவரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னார். நாங்கள் ஆண்டுதோறும் மாவீரர் நாளுக்குக் கூட்டிப்போகும் பிள்ளைதான் அவள். ஆனால் தன் தகப்பன் வந்த பாதையை அவள் கேட்டறிந்தது, அதை ஓர் அந்நிய மேசையில் உடைந்த பிரெஞ்சில் சொல்ல வேண்டி வந்தபோதுதான்.

பெண் பிள்ளைகளைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். மகனை அனுப்பிய வீடுகளே மகளைத் தடுத்திருக்கின்றன, எனக்குத் தெரியும். பயம் பொய்யல்ல. அதனால் பயத்துக்குரிய கேள்விகளைக் கேளுங்கள். யார் யார் அந்த வீட்டில் இருக்கிறார்கள், மகளுக்குத் தனிப் படுக்கை உண்டா, அறைக் கதவு பூட்டுமா, பள்ளியிலிருந்து வீடு எவ்வளவு தூரம், யார் கூட்டிப்போவார்கள்? புறப்படுவதற்கு முன் அந்தக் குடும்பத்தோடு காணொளியில் பேசுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளையே இருக்கிறது. நம் பள்ளி ஆசிரியர்கள் வாரம் முழுவதும் அதே ஊரில் தங்குவார்கள். அவர்களுடைய அவசர எண்ணை வாங்கி வையுங்கள். ஏதாவது மனதுக்குப் பிடிக்கவில்லையென்றால் வீட்டை மாற்றித்தரும்படி கேட்கலாம் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். கன்னத்தில் முத்தமிட்டு வணக்கம் சொல்வது அங்கே பல வீடுகளில் வழக்கம். விருப்பமில்லாவிட்டால் சிரித்துக்கொண்டு கையை நீட்டினால் போதும், யாரும் கோபிக்கமாட்டார்கள். இத்தனையும் கேட்டறிந்த பின்னும் ஒரு குறிப்பிட்ட வீடு வேண்டாம் என்று தோன்றினால் மறுத்துவிடுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். பெண் என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பதை என்னால் ஏற்க முடியாது.

மறுபக்கத் தாயையும் கொஞ்சம் நினையுங்கள். 2017 ஜனவரியிலிருந்து, பெற்றோர் துணையின்றி பிரான்ஸை விட்டு வெளியே போகும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எழுத்துமூல அனுமதி கட்டாயம். அவளுக்கு நாம் உச்சரிக்க வராத நீண்ட பெயருடைய ஒரு குடும்பம், எங்கோ ஒரு மாடி வீடு. அவளும் அந்தத் தாளில் கையெழுத்திட்டுத்தான் பிள்ளையை நம்மிடம் அனுப்புகிறாள்.

சாப்பாட்டை நினைத்துக் கலங்க வேண்டாம். படிவத்தில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, வெள்ளிக்கிழமை சைவம் என்று தெளிவாக எழுதுங்கள். பெரும்பாலானோர் மதித்து நடப்பார்கள். வருகிற பிள்ளைக்கும் தனிச் சமையல் தேவையில்லை. உறைப்பைக் குறைத்தால் போதும்.

காசும் தாள்களும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தடையில்லை. தங்குமிடமும் சாப்பாடும் இரு வீடுகளுக்கும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுவதால் பெரும்பாலும் பயணச் செலவும் சுற்றுலாச் செலவும்தான் வரும். இளைஞர் அலுவலகம் பயணத்துக்கு உதவித்தொகையும் வழங்குகிறது. அரச உதவி, வீட்டு வாடகை உதவி, பிள்ளைகளுக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆகியவற்றில் ஒன்றைப் பெறும் குடும்பமானால், பள்ளியின் பல நாள் பயணச் செலவுக்குக் கல்வி உதவித் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. அதுவும் போதாவிட்டால் பல பள்ளிகளில் பெற்றோர் ஆதரவுச் சங்கம் ஒன்று இருக்கும். வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும், மற்றவர்களுக்குத் தெரியவராது. ஜேர்மன் கடவுச்சீட்டு இல்லாத பிள்ளைகளுக்கும் வழியுண்டு. ஆசிரியர் துணையோடு செல்லும் பள்ளிக் குழுவுக்கென ஒரு பெயர்ப்பட்டியல் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 1994 இல் ஏற்படுத்தியது. வெளிநாட்டவர் அலுவலகம் உறுதிப்படுத்திய அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் தனி விசா இல்லாமலே பிள்ளை மற்ற மாணவர்களோடு போய்த் திரும்பலாம். இதற்குச் சில வாரங்கள் எடுக்கும் என்பதால் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். மருத்துவக் காப்புறுதி அட்டையின் பின்புறமே ஐரோப்பிய அட்டை. அதைப் பையில் வைத்துவிடுங்கள்.

என்னோடு தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பரிமாற்ற வாரத்தில் பிள்ளை ஒரு சனிக்கிழமை வராவிட்டால் அதைக் குறையாகப் பதியாதீர்கள். முடிந்தால் வந்திருக்கும் விருந்தாளிப் பிள்ளையையும் வகுப்புக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். அதன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

படிவத்தை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பொதுவாக ஒன்றிரண்டு வாரம் தவணை இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் நம்மைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல் தயங்குபவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நில்லுங்கள். பிள்ளையையும் வைத்துக்கொண்டு சேர்ந்தே எழுதுவோம். வீட்டில் எத்தனை பேர், என்ன சமைப்போம், பிள்ளை எங்கே படுக்கும் என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். அரிசி மூட்டையை மறைக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
ரூர் பகுதியிலிருந்து ஒரு தாய், தமிழ் ஆசிரியை