கோடு போட்ட சால்வையும் வெப்பநிலைக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளுக்கு ஒரு நிறமாக ஆண்டு முழுவதன் வெப்பநிலையையும் சால்வையில் பின்னும் பழக்கம் பரவி வருகிறது. புவி சூடாவதைக் காட்டும் நீலம்-சிவப்புக் கோடுகளை இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே அப்போது அங்கு பணியாற்றிய எல்லி ஹைவுட் அதே செய்தியைக் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வையாகப் போட்டுவிட்டார். நூல்தான் முந்திக்கொண்டது!

ஆனால் பல சால்வைகள் அழகோடு நின்றுவிடுகின்றன. காரணம், எத்தனை டிகிரிக்கு எந்த நிறம் என்ற அளவுகோலை முடிவு செய்யாமல் நூல் வாங்குவது. ஓர் ஊரின் பகல் வெப்பம் 16 முதல் 40 டிகிரி வரை போகிறது என்றால், எட்டு நிறம் எடுத்து நிறத்துக்கு 3 டிகிரி வைக்கலாம். 19 டிகிரி எந்த நிறத்தில் சேரும் என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட இரண்டு சால்வை பின்னுவோர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவுகோல் போடுவது கட்டாயம். அந்தந்த ஆண்டின் உச்சத்துக்கு அடர்சிவப்பு கொடுத்தால், சூடான ஆண்டும் குளிர்ந்த ஆண்டும் ஒன்றுபோலவே தெரியும். சொல்ல வந்த கதையே போய்விடும்.

4 மி.மீ. ஊசி, நடுத்தர நூல், எல்லா வரிசையும் நிட் கண்ணி (அடிப்படைப் பின்னல் கண்ணி): இது போதும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நிட்டின் மறுபக்கக் கண்ணி) என்று போட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். நாளுக்கு இரண்டு வரிசை பின்னினால் நூல் புறப்பட்ட ஓரத்துக்கே திரும்பும். 10 செ.மீ.க்கு 40 வரிசை வந்தால் 730 வரிசை ஏறக்குறைய 182 செ.மீ. நிறத்தை எப்போதும் முன்பக்க வரிசையில்தான் மாற்ற வேண்டும். பின்பக்கத்தில் மாற்றினால் கோடு புள்ளிபுள்ளியாக உடைந்து தெரியும். நூல்முனைக்கு 15 செ.மீ. விட்டு அன்றன்றே செருகிவிடுங்கள். தினமும் நிறம் மாறினால் முனைகளுக்கே 110 மீட்டர் நூல் போகும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட சால்வைகள் பெட்டியிலேயே கிடக்கும்.

வெப்பநிலைக்குப் பதிலாக, விலங்குகளின் எண்ணிக்கை குறைவதை விலங்கு உருவங்களாகப் பின்னுவோர் செய்யும் தவறு வேறு. எண்ணிக்கை பாதியானால் உருவத்தின் அகலம், உயரம் இரண்டையும் பாதியாக்குகிறார்கள். பரப்பு கால் பங்காகிவிடுகிறது, அதாவது பொய்க்கணக்கு. வரிசைகளை அப்படியே வைத்து, கண்ணிகளை மட்டும் 60-இலிருந்து 30-ஆகக் குறைத்தால் சரியாக இருக்கும்.

அக்ரிலிக் நூலைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு சலவையிலும் அது நுண்ணிழைப் பிளாஸ்டிக்கை உதிர்க்கும். பருத்தி கனத்தால் தொங்கும், அதனால் சுவரில் மாட்டக் கம்பளியே ஏற்றது. மீந்த நூலும் ஆகும், தடிமன் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஹாக்கின்ஸின் படத்தில் எண்ணே இல்லையே என்று கேட்கலாம். அந்தப் படம் உலகறிந்தது, சால்வைக்கு அந்த வசதி கிடையாது. ஊர், ஆண்டு, தரவு எடுத்த இடம், எந்த நிறம் எத்தனை டிகிரி என்பதை ஒரு துணித்துண்டில் எழுதி, ஒவ்வொரு நிறத்திலும் ஓர் இழையை அதில் முடிந்து, சால்வையின் பின்புறம் தைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பின்னல்வேலை செய்யும் வாசகர்கள்