படகிலேயே இரு, தம்பி

பட்டர்வொர்த்

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். போன ஞாயிறு நீ கோலாலம்பூரில் பண்ணிய பிரசங்கத்தை வாட்ஸ்அப்பில் இரண்டு தடவை கேட்டோம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மனதில் பட்டதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் உனக்குச் சொல்வார்கள்?

மாற்கு 4, இயேசு காற்றை அதட்டின பகுதி. அதை மளமளவென்று வாசித்துவிட்டு உடனே ரோமருக்குப் போனாய், அங்கிருந்து ஏசாயா, அப்புறம் சங்கீதம். 40 நிமிடத்தில் 14 வசனம். படகுக்கு மட்டும் நீ திரும்பி வரவே இல்லை.

38-ம் வசனத்தை இன்னொரு தடவை வாசி. பின்னணியத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதியிருக்கிறார்கள், தலையணையைச் சொன்னவர் மாற்கு ஒருவர்தான். 1986-ல் கலிலேயாக் கடலில் தண்ணீர் வற்றினபோது, சேற்றிலிருந்து அந்தக் காலத்துப் படகு ஒன்றை எடுத்தார்கள். நீளம் 8 மீட்டர் சொச்சம், அகலம் 2 மீட்டர் சொச்சம். பினாங்கு ஃபெரிக் கப்பலில் 26 வருடம் கயிறு பிடித்தவன் சொல்கிறேன், அவ்வளவு சின்னப் படகில் ஒளிய இடம் கிடையாது. அலை உள்ளே ஏறுகிறது, அவர் கைக்கெட்டும் தூரத்தில் தூங்குகிறார். அப்போதுதான் சீஷர்கள் கேட்கிறார்கள்: "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?"

தம்பி, உன் பிரசங்கம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. அன்று உன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் வேலை போனவர் இருந்திருப்பார், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர் இருந்திருப்பார். அதே கேள்வியை வாய்விட்டுக் கேட்க முடியாமல் வந்தவர்கள். நீ "வாழ்க்கையின் புயல்கள்" என்று பொதுவாகச் சொல்லித் தாண்டிவிட்டாய்.

உனக்கு ஆறு வயதில் ஒரு விடியற்காலை, நாம் ஃபெரியில் இருக்கும்போது சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று அடிக்கிற சுமத்ரா காற்று பிடித்துக்கொண்டது, ஞாபகம் இருக்கிறதா? மழை குறுக்கே அடித்தது, சங்கிலியெல்லாம் குலுங்கியது, ஜார்ஜ்டவுன் பக்கம் ஒரு விளக்குகூடத் தெரியவில்லை. என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டாய். அதைச் சொல்லியிருந்தால் கடைசி வரிசையில் இருக்கிற பாட்டியும் உன்னோடு படகில் ஏறியிருப்பார்.

நான் சிறுவனாய் இருந்தபோது கெடாவில் எங்கள் எஸ்டேட்டுக்கு ஓர் உபதேசியார் சைக்கிளில் வருவார். பகுதியை நிதானமாக இரண்டு தடவை வாசிப்பார். அப்புறம்தான் பேசுவார். நெகேமியா 8-ல் அப்படித்தானே, தெளிவாக வாசித்து, அர்த்தம் சொல்லி, ஜனங்களுக்கு விளங்கவைத்தார்கள். அவர் இரண்டாம் தடவை வாசிக்கும்போதே எங்களுக்குப் பாதி புரிந்துவிடும். நீயும் பிரசங்கப் பகுதியைத் திங்கட்கிழமையிலிருந்தே தினமும் சத்தமாக வாசி. விளக்கவுரைகளை வியாழன் வரைக்கும் திறக்காதே.

இன்னொன்று. "ஆண்டவர் உன் சூழ்நிலையைக் கையாளுகிறார்" என்று நாலு தடவை சொன்னாய். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி, மேடையில் தமிழாக்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் அம்மாவிடம் பேசுகிற தமிழிலேயே எழுது, அது உனக்கு நன்றாக வரும்.

சரி, அடுத்த ஞாயிறு எந்தப் பகுதி என்று இன்றைக்கே அனுப்பு. நானும் இங்கே திங்கட்கிழமையிலிருந்து வாசிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா