அந்தத் தலைமைக் காவலருக்கும் உங்கள் அனைவருக்கும்

அன்புடையீர்,

என் மகள் சென்ற வியாழக்கிழமை என்னுடன் லண்டன் வந்து சேர்ந்தாள். அவள் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டு செல்லப்பட்டதிலிருந்து பத்தொன்பது மாதங்களாக நடந்தவை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் அவற்றை மறுபடி எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுடைய தந்தையைக் குறித்தும் எழுத வேண்டியிருக்கும். அவள் பெரியவளானதும் அதைப் படிக்க நேர்வதை நான் விரும்பவில்லை.

நீதிமன்ற ஆணை கையில் இருந்தால் பிள்ளை வந்துவிடுவாள் என்று தொடக்கத்தில் நம்பியிருந்தேன். லண்டன் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு அவளை நீதிமன்றப் பாதுகாப்பில் உள்ள குழந்தையாக அறிவித்து, திருப்பி அழைத்து வருமாறு ஆணையிட்டது. அத்தகைய ஆணைகளை நிறைவேற்றுவதற்கென்றே இங்கிலாந்தில் டிப்ஸ்டாஃப் என்னும் அதிகாரி இருக்கிறார். கடவுச்சீட்டைக் கைப்பற்றுவதும் அவர் பணிகளில் ஒன்று. ஆனால் தாமிரபரணிக் கரையில் அவருடைய அதிகாரம் செல்லாது. பெற்றோரில் ஒருவரே பிள்ளையை இவ்வாறு வேறு நாட்டுக்குக் கொண்டு சென்றுவிடுவதைக் குறித்த 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001-இல் சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை. ஆகவே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடுவதே எனக்கிருந்த வழி. வெளிநாட்டு நீதிமன்றத்தின் ஆணை கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் ஒன்று மட்டுமே, குழந்தையின் நலனே முதன்மையானது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியிருப்பதால், எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கோட்பாட்டால் என் வழக்கு நீண்டது உண்மைதான். ஆயினும் அதைத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை. அடிக்கு அஞ்சிப் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு ஓடி வந்த பெண்களை அதே நீதிமன்ற வராந்தாவில் பார்த்தேன், அவர்களுக்கு அதுவே காப்பு.

ஒருவழியாக மதுரையில் தீர்ப்பும் கிடைத்தது. ஒப்படைக்கக் குறித்த நாள் வந்தது, போனது, பிள்ளை வரவில்லை. காவல்துறையின் துணையோடு நிறைவேற்றுமாறு நீதிபதிகள் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பொறுப்பை ஏற்று, சென்ற செவ்வாய்க்கிழமை எங்களுடன் வந்த மகளிர் காவல் நிலையத் தலைமைக் காவலருக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அவர் சீருடையில் வரவில்லை, பருத்திச் சேலை உடுத்தி வந்திருந்தார். ஜீப்பைத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலருகே நிறுத்திவிட்டு, என்னை வாடகைக் காரிலேயே இருக்கச் சொன்னார். நான் உள்ளே வந்தால் பிள்ளை இரண்டு பேருக்கு நடுவே நின்றுவிடும், யார் பக்கம் போனாலும் மற்றவருக்குத் துரோகம் செய்ததாக நினைக்கும், அதனால் வர வேண்டாம் என்றார். பத்தொன்பது மாதம் காத்திருந்தவளுக்கு அந்த வீட்டு வாசலைப் பார்த்தபடி இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதை மட்டும் பார்த்தேன்.

மற்றதை மகள் சொல்லி அறிந்தேன். உள்ளே போனதும் அவர், பிள்ளையின் அப்பாவைப் பெற்ற ஆச்சியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். பிறகு திண்ணையில் அமர்ந்து, பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். ஆச்சி தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டி முடிக்கும் வரை ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. அதன் பின், நீங்களே தலை பின்னிப் பையையும் அடுக்கித் தாருங்கள், நாளைக்குப் பிள்ளை நினைத்துப் பார்க்கும்போது ஆச்சிதான் நம்மை அனுப்பிவைத்தார்கள் என்று இருக்க வேண்டும் என்றாராம். ஆச்சி அழுதுகொண்டே இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, கையைப் பிடித்துக் காரருகே கூட்டி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் அவள் கையை என் கையில் வைத்தார்.

ஆணையில் இவை ஒன்றுமே இல்லை. குழந்தையையும் கடவுச்சீட்டையும் மனுதாரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரே வரிதான் இருந்தது. கதவைத் தட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாலும் அந்த வரி நிறைவேறியிருக்கும், நானும் அப்போது அதைத்தான் வேண்டியிருப்பேன்.

லண்டனிலும் மதுரையிலும் வாதாடிய வழக்கறிஞர்களுக்கும், சான்றளிக்கப்பட்ட நகலுக்காக நாள் முழுவதும் பிரிவு பிரிவாக அலைந்த இளம் வழக்கறிஞருக்கும், விமானக் கட்டணத்துக்குப் பணம் திரட்டித் தந்த தோழியருக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் தங்க இடம் கொடுத்த மதுரைக் குடும்பத்தாருக்கும், பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை அடிக்காமல் வைத்திருக்கத் தன்னாலான வரை போராடிய ஆசிரியைக்கும், நடுநிசியில் நான் அழைத்தபோதெல்லாம் எடுத்துப் பேசியவர்களுக்கும் என் நன்றி. தனித்தனியே எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன், எழுதுவேன்.

தந்தை வாரந்தோறும் காணொளியில் பேசலாம் என்று ஆணை சொல்கிறது. அதை ஒரு வாரமும் தவற விட மாட்டேன். ஆச்சியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதால், அவருக்கான நேரத்தை நானே குறித்துக்கொண்டேன்: ஞாயிறுதோறும் இங்கே நண்பகல், அங்கே மாலை நாலரை. கோடை விடுமுறையில் அவளைக் கூட்டிக்கொண்டு நேரில் செல்வதற்கு நீதிமன்றத்தின் அனுமதியையும் கேட்கப் போகிறேன்.

நேற்று முதல் அழைப்பு. செவ்வாய்க்கிழமை பின்னிய சடையை அவிழ்க்க மகள் அதுவரை விடவில்லை. பாதி கலைந்துபோயிருந்த அதைத் திரையருகே காட்டினாள். தலைக்கு எண்ணெய் வைத்து, சீப்பை எடுத்துவரச் சொல் உன் அம்மாவை என்றார் ஆச்சி. நான் அவிழ்த்துப் பின்னினேன். ரிப்பனை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டும்படி அவர் அங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

நன்றியுடன்,
ஒரு தாய்