செயலாளர் ஆண்டறிக்கை: தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரியும் நம்ம சந்தா பாக்கியும்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, துணைத் தலைவர், பொருளாளர் அண்ணன், செயற்குழுவுல உள்ளவங்க, வந்திருக்கிற அம்மாமார்கள், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். போன ஆண்டு அறிக்கைய இங்க வாசிக்கிறேன், வராதவங்களுக்கு அப்படியே வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டுடுறேன், தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

பொங்கல் விழா வழக்கம்போல கோயில் மண்டபத்துல நடந்துச்சு. தீபாவளிக்கு வசதியில்லாத குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், மாவு கொடுத்தோம். பிள்ளைங்களுக்கு ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் பரீட்சை இல்லாம போனதால ஊக்கப்பரிசை தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவோட சேர்த்துக் கொடுத்தாச்சு. இறந்துபோன உறுப்பினர்களோட குடும்பத்துக்கு சகாய நிதி போய்ச் சேர்ந்துச்சு. செயற்குழு கூட்டம் கூட்டினோம், அதுல சிலது ஆள் பத்தாம ஒத்திவச்சோம். ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைய அவங்க இணையத்தளம் இரோசஸ்ல நானே ஏத்திட்டேன், அதுல குறை எதுவும் வரல.

இனிமே முக்கியமான விஷயத்துக்கு வரேன். தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரி. "செயலாளர் வருஷம் பூரா அந்த இடிஞ்ச கட்டடத்தையே கட்டிக்கிட்டு அழுதாரு"ன்னு சிலர் காப்பிக்கடையில பேசினது என் காதுக்கும் வந்துச்சு. அதனால அந்தக் கட்டடத்தைப் பழுது பார்த்துக் காப்பாத்துற வேலைய ஏன் செஞ்சோம், எப்படி செஞ்சோம்னு விவரமா சொல்லிடுறேன்.

தோட்டம் கைமாறி தொழிலாளர் வரிசை வீடான லயத்தை எல்லாம் உடைச்சு தாமான், அதாவது புது வீடமைப்பு, வந்தாச்சு. பிள்ளைங்கள பார்த்துக்கிட்ட ஆயாக்கொட்டகை இல்ல, காலையில ஆளுங்கள நிக்க வச்சு பேரு கூப்பிட்ட பெரட்டுக்களம் இல்ல, தோட்டத்துக் கணக்கு எழுதின கிராணி வீடு இல்ல. மிச்சம் இருக்கிறது இந்த ஆஸ்பத்திரி ஒன்னுதான். கோலகங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரம் இன்னும் நிக்குது, அதுக்கு வேலி போட்டு பலகை வச்சு டூரிஸ்ட் வந்து படம் எடுக்கிறாங்க, நல்லது, வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு மரத்துக்கு கிடைச்ச மரியாதை, அந்த மரத்தோட பரம்பரையில பால் வெட்டியே தேஞ்சுபோன சனங்களுக்கு வேணாமா? கொசுக்காய்ச்சல்ல ஆளுங்க செத்துக்கிட்டிருந்த காலத்துல பெரட்டுல நிக்க வச்சு கொய்னா மருந்து குடிக்கக் கொடுத்த கதைய நம்ம வீட்டு பெரியவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க, அந்தக் கதைக்கு சாட்சியா நிக்கிற சுவரு இது.

சட்டம் இருக்கே, அரசாங்கம் பார்த்துக்கும்னு ஒரு உறுப்பினர் சொன்னாரு. சட்டம் இருக்கு, பழைய கட்டடங்கள காக்குற 2005 தேசிய மரபுடைமைச் சட்டம், 2006 மார்ச் 1 அமலுக்கு வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்ல 1929ல கட்டின போக் ஹவுஸ் மாளிகைய உடைச்சாங்க. 2013ல கெடா பூஜாங் பள்ளத்தாக்குல 11ம் நம்பர் சண்டி, பழங்காலக் கோயில், தரைமட்டம் ஆனது ஊருக்கே தெரிஞ்ச கதை, தனியார் நிலம், கெஜட் ஆகல, அதாவது அரசிதழ்ல மரபுடைமைன்னு அறிவிக்கல, உடைச்சு முடிச்ச பிறகுதான் நாடே சத்தம் போட்டுச்சு. கெஜட் பண்ணணும்னா மரபுடைமை ஆணையர் நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கணும், அவரு ஆட்சேபம் சொன்னா விசாரிக்கணும், மாநில அரசையும் கலந்துக்கணும். அவ்வளவும் நடக்கிற வரைக்கும் கட்டடம் நிக்கணுமே! நிக்க வைக்கிறது பக்கத்துல குடியிருக்கிற நாமதான், கோலாலம்பூர்ல இருந்து யாரும் வந்து கூரை ஒழுகுதான்னு பார்க்கப் போறதில்ல.

அப்புறம் கட்டடம் மட்டும் நின்னா போதுமான்னும் யோசிச்சுப் பாருங்க. ஜார்ஜ் டவுன்ல வாடகைக் கட்டுப்பாட்ட எடுத்து 2000ல இருந்து அது முழுசா இல்லாம போனதும் வாடகை ஏறி காலங்காலமா இருந்த குடும்பங்க நிறைய கிளம்பிட்டாங்க, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தப்போ கடைவீடு இருந்துச்சு, அதுல இருந்த சனம் பாதி இல்ல. அதனாலதான் நான் முதல் கூட்டத்துலயே சொன்னேன், எஞ்சினியர கூப்பிடுறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரியில பொறந்தவங்களையும் வேலை செஞ்சவங்களையும் கூப்பிடுவோம்னு. ஆஸ்திரேலியாவுல எழுதி உலகம் பூரா இந்த வேலை செய்றவங்க கையில வச்சிருக்கிற பர்ரா சாசனமும் அதைத்தான் சொல்லுது, ஒரு இடத்தோட பந்தம் உள்ளவங்க அந்த வேலையில பங்கெடுக்கணும்னு.

அப்படி கூப்பிட்டதுக்கு என்ன பலன்னு கேக்குறவங்களுக்கு ஒன்னே ஒன்னு சொல்றேன். நம்ம கையில இருந்த பழைய பிளான்ல பின்பக்க அறைக்கு 'ஸ்டோர்'னு எழுதியிருந்துச்சு. அந்தக் காலத்துல அங்க ஆயாவா வேலை பார்த்த பாட்டி ஒருத்தவங்கள பேரன் காருல கூட்டிட்டு வந்தான். பாட்டி உள்ள வந்து கைத்தடியால தரையத் தட்டினாங்க. "இது ஸ்டோரு இல்லய்யா, புள்ளப்பேறு ரூமு. கட்டிலு இங்கதான் கெடந்துச்சு, பாரு." குப்பைய கூட்டிட்டுப் பார்த்தா சிவப்பு சிமெண்டு தரையில நாலு இடத்துல கட்டில் கால் தேஞ்ச பள்ளம். பக்கத்து ஜன்னல் ஏன் இவ்வளவு தாழ்வா இருக்குன்னு எங்களுக்குப் புரியாமதான் இருந்துச்சு, மருந்து கொடுக்கிற டிரசர் உள்ள இருந்தே நீட்டுறதுக்கு, பிள்ளைங்களுக்கும் எட்டணும்னு அப்படி வச்சதுன்னாங்க. அந்த ஜன்னல அடைச்சுட்டா ஏர்கோன் மாட்டலாம்னு அதுக்கு முந்தின வாரம்தான் ஒருத்தர் யோசனை சொல்லியிருந்தாரு. இப்ப அது அப்படியே இருக்கு. இளைஞர் பிரிவு பிள்ளைங்க பெரியவங்க பேசினத எல்லாம் போன்ல பதிவு பண்ணி வச்சிருக்காங்க, அவங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அடுத்தது சிமெண்டு விவகாரம். ஒரு உறுப்பினர் நல்ல மனசோட ஒரு லோரி சிமெண்டு கொண்டுவந்து இறக்கப் பார்த்தாரு, நான் திருப்பி அனுப்பிட்டேன், அவரு கோவிச்சுக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் கூட்டத்துக்கு வரல. காரணத்த அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். அந்த சுவரு செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டினது. தரையில இருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சா இருந்தா ஈரம் அது வழியா வெளிய போயிடும். மேல சிமெண்டு பூசினா போக வழியில்லாம ஈரமும் உப்பும் செங்கல்லுக்குள்ளயே தங்கி, வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள செங்கல் மாவா உதிரும். முன்வாசல் தூண்ல எப்பவோ சிமெண்டு பூசின இடத்த தட்டிப் பாருங்க, பொத்துன்னு சத்தம் வரும், நகத்தால சுரண்டினாலே செங்கல் வருது. அதனால ஈப்போவுல இருந்து சுண்ணாம்பு வாங்கி டிரம்முல ஊறப்போட்டு, ஒரு பங்குக்கு மூணு பங்கு மணல் கலந்து பூசுறோம். மெதுவாத்தான் காயும், ஆனா நிக்கும். மாற்ற வேண்டியத மட்டும் மாத்துறோம், நல்லா இருக்கிற பலகைய புதுசுக்காகக் கழட்டுறதில்ல. நிலத்துக்காரங்க கொடுத்த அனுமதிக் கடிதத்துலயும் அப்படித்தான் எழுதி வாங்கியிருக்கோம். அந்த உறுப்பினர் திரும்பி வரணும், அவரு கை வேலை தெரிஞ்ச ஆளு, மரச்சட்டம் மாத்துறதுக்கு அவர மாதிரி ஆள் நமக்கு வேணும்.

வேலைக்கு வந்தவங்கள பத்தி சொன்னா வராதவங்களையும் சொல்லித்தான் ஆகணும். ஞாயிற்றுக்கிழமை காலையில வரேன்னு குரூப்ல கையெடுத்துக் கும்பிடுறவங்க நிறைய பேரு, வந்து நிக்கிறது அதே முகங்க, அதுல பாதி எழுபது வயசத் தாண்டினவங்க. செயற்குழுவுலயே மூணு கூட்டத்துக்கு மேல காரணம் சொல்லாம வராதவங்க இருக்காங்க. பேரு சொல்லல, சட்டதிட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்கே தெரியும். சந்தா மாசம் ரெண்டு வெள்ளி (ரிங்கிட்), பாதிக்கு மேல பாக்கி, சிலருக்கு மூணு வருஷ பாக்கி. 1960ல அப்போ அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்போ, தோட்டம் துண்டாடி விற்கிற காலத்துல நம்ம பால்வெட்டுச் சனம் அன்னிக்கு வாங்கின கூலியில மாசம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தையே வாங்கினாங்க. அவங்க பேரப்பிள்ளைங்க நாம.

கணக்கு விவரத்தை பொருளாளர் தனியா வாசிப்பாரு. சுருக்கமா சொன்னா வரவு செலவுக்கு சரியா இருக்கு, கையிருப்பு கொஞ்சம் உண்டு, ஆஸ்பத்திரி வேலைக்குத் தனி வவுச்சர் வச்சிருக்கோம், யாரு வேணாலும் பார்க்கலாம். நன்கொடை கொடுத்த மளிகைக்கடை முதலாளிக்கும், கூரை ஓடு கொடுத்தவருக்கும், டீயும் மீ கோரெங்கும் செஞ்சு கொடுத்த மகளிர் பிரிவுக்கும், கோயில் நிர்வாகத்துக்கும், தலைவர் ஐயாவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு. மழைக்காலத்துக்கு முன்னாடி பின்பக்கக் கூரைய முடிச்சாகணும், அங்க கறையான் புடிச்ச உத்தரம் ரெண்டு இருக்கு, விட்டா புள்ளப்பேறு ரூமுதான் முதல்ல போகும். நிலத்துக்காரங்க கொடுத்த கடிதம் அடுத்த வருஷக் கடைசி வரைக்கும்தான் செல்லும், புதுப்பிக்கக் கேக்கும்போது ஊரு பயன்படுத்துதுன்னு காட்டணும், அதனால முன்னறைய வாரத்துல ரெண்டு நாள் பிள்ளைங்களுக்கு டியூஷனுக்கும் பெரியவங்களுக்கு பிரஷர் பார்க்குறதுக்கும் திறக்கலாம்னு தீர்மானம் கொண்டுவரேன். மரபுடைமை இலாகாவுக்கு மனு தயார், அதோட இணைக்க அங்க பொறந்தவங்க, வேலை செஞ்சவங்க கையெழுத்து வேணும், பழைய படம், பிறப்பு சூரா (பிறப்புச் சான்றிதழ்) எதுவா இருந்தாலும் நகல் எடுத்துக் கொடுங்க.

செயலாளர் பதவிக்கு நான் மறுபடியும் நிக்கிறதா வேணாமான்னு இன்னும் சொல்லல. இந்த வேலைய எடுத்துச் செய்ய இளைஞர் யாராவது முன்வந்தா ஃபைல், சாவி, சுண்ணாம்பு டிரம் எல்லாத்தையும் சந்தோஷமா ஒப்படைச்சுட்டு கூடவே நின்னு வேலை செய்வேன். யாரும் வரலன்னா நான் நிக்கிறேன், ஆனா ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளு வேணும். பேரு எழுத வாசல் மேசையில நோட்டு வச்சிருக்கு, பக்கத்துலயே பொருளாளர் ரசீது புத்தகத்தோட உக்காந்திருக்காரு, கூட்டம் முடிஞ்சு சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் பார்த்துட்டுப் போங்க.

இப்படிக்கு,
செயலாளர்